சிரிப்பும் எடைக்கல்லும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்பர் பெரியோர். சிரிப்பில்லாத வீடு உப்பில்லாத கஞ்சி போன்றது. பள்ளியிலும் அப்படித்தான். கணக்குத் தேர்வு முடிந்த மாலையில் வேப்பமரத்தடியில் கூடி நாங்கள் சிரிக்கும் சிரிப்பு, எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காத மருந்து. ஆகவே, அன்புத் தோழியரே, மதிப்பிற்குரிய அருட்சகோதரியரே, பெற்றோர்களே, நாங்கள் சிரிப்புக்கு எதிரிகள் என்று முதலிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என்று வகுத்தபோது நகைக்கே முதலிடம் தந்தார் என்று எங்கள் தமிழ் ஆசிரியை கூறியிருக்கிறார். சிரிப்பு நான்கு வழிகளில் பிறக்குமாம். அவை எள்ளலும் இளமையும் பேதைமையும் மடனும் ஆகும். பிறரை இகழ்வதில் ஒரு சிரிப்பு. சிறுபிள்ளைத்தனத்தைக் கண்டு ஒரு சிரிப்பு. அறியாமையைக் கண்டு ஒரு சிரிப்பு. சொன்னதையெல்லாம் நம்பிவிடும் வெள்ளை மனத்தைக் கண்டு ஒரு சிரிப்பு. இன்று தொலைக்காட்சியின் முன் அமர்ந்தால், பின்னைய மூன்றும் எங்கே போயின என்று கேட்கத் தோன்றுகிறது. எள்ளல் ஒன்றே எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. அதிலும் பருமனான பெண்ணைப் பற்றிய எள்ளலுக்கு ஓய்வே இல்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் தொலைக்காட்சி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. 2006-ஆம் ஆண்டு தொடங்கி அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி, அருப்புக்கோட்டையின் நெசவாளர் தெருவுக்கும் வந்தது. திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் கிராமங்களுக்கும் வந்தது. மழை பொய்த்த ஆண்டிலும் அந்தப் பெட்டி பொய்க்கவில்லை. தறிச் சத்தத்தையும் மீறி அதன் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. விஜய் தொலைக்காட்சியின் 'கலக்கப்போவது யாரு', சன் தொலைக்காட்சியின் 'அசத்தப்போவது யாரு' போன்ற நிகழ்ச்சிகள், சிற்றூர்களில் மறைந்து கிடந்த எத்தனையோ இளைஞர்களின் திறமையை நாடறியச் செய்தன. அதை நாங்கள் நன்றியோடு ஒப்புக்கொள்கிறோம். பிறகு நகைச்சுவைக்கென்றே தனி அலைவரிசைகள் தோன்றின. பழைய திரைப்படங்களின் சிரிப்புக் காட்சிகளைத் துண்டு துண்டாக எடுத்து நாள் முழுதும் காட்டத் தொடங்கினார்கள்.

சென்ற விடுமுறையில் நாங்கள் சிலர் கூடி, இக்காட்சிகளில் பருமனான நடிகை எப்படிக் காட்டப்படுகிறார் என்று கவனித்துப் பார்த்தோம். அவர் நடந்து வந்தால் பின்னணியில் யானை பிளிறுகிறது. அல்லது நிலம் அதிருகிறது. அவர் உட்கார்ந்தால் நாற்காலி முறிகிறது. அவர் கையில் எப்போதும் ஒரு தட்டு இருக்கிறது. அவர் ஒருவரை விரும்பினால் அந்த ஆண் அலறி ஓடுகிறான். அவருக்குக் கணவன் என்று ஒருவன் இருந்தால் அவன் ஒல்லிக்குச்சியாக நடுங்கிக்கொண்டு நிற்கிறான். அவர் மருத்துவராகவோ ஆசிரியையாகவோ வருவது மிக அரிது. அப்படி வந்தாலும் அவருடைய வேலையைப் பற்றிப் பேச்சில்லை. எடையைப் பற்றித்தான் பேச்சு. சில நேரம் பருமனான பெண்ணுக்குப் பருமனான நடிகைகூடத் தேவைப்படுவதில்லை. ஓர் ஆண் வயிற்றில் தலையணையைக் கட்டிச் சேலை சுற்றிக்கொண்டு வந்துவிடுகிறார். அவர் வாய் திறக்கும் முன்பே கைதட்டல் எழுகிறது.

இது தமிழ்நாட்டில் மட்டும் நடப்பதன்று. 2013-இல் தொடங்கிய கபில் சர்மாவின் இந்தி நிகழ்ச்சியில் 'பலக்' என்னும் பருமனான பெண்ணாகக் கிக்கு சாரதா என்ற ஆண் நடிகரே வேடமிட்டார். 1994 முதல் 2004 வரை ஒளிபரப்பாகி உலகெங்கும் பார்க்கப்பட்ட 'ஃப்ரெண்ட்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரில், மோனிக்கா என்ற பாத்திரம் இளமையில் பருமனாக இருந்ததாகக் காட்டுவதற்கு, மெலிந்த நடிகைக்குப் பஞ்சு திணித்த உடையை மாட்டிவிட்டார்கள். மெலிந்த மோனிக்கா மனுஷி; பருத்த மோனிக்கா வேடிக்கை. ஒரே பெண்தான். உடம்பு மாறியதும் அவளுக்குக் கிடைக்கும் மரியாதையும் மாறிவிட்டது.

திரையில் இவ்வாறு சிரிக்கவைத்த பெண்கள் யாவர் என்று தேடிப் பார்த்தோம். எங்கள் தாய்மார் பள்ளியில் படித்த காலத்தில் சற்றுப் பருமனான மாணவியைப் 'பிந்து கோஷ்' என்று கேலி செய்வார்களாம். பிந்து கோஷ் 1980-களில் 'கோழி கூவுது', 'டௌரி கல்யாணம்', 'தூங்காதே தம்பி தூங்காதே' முதலிய படங்களில் நடித்த நகைச்சுவை நடிகை. ஆனால் அவர் திரைக்கு வந்தது நகைச்சுவை நடிகையாக அன்று. குழு நடனத்தில் ஆடும் பெண்ணாக. தாளம் பிசகாமல் ஆடத் தெரிந்த அந்தக் கால்களைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்? அவர் பெயரைச் சொன்னால் உடம்பு ஒன்றே நினைவுக்கு வருமாறு செய்துவிட்டார்கள். பிற்காலத்தில் நோயினால் மெலிந்து, அடையாளமே தெரியாத நிலையில், மருத்துவச் செலவுக்கு உதவி வேண்டி அவர் பேட்டி அளித்தார். 2025 மார்ச் மாதம் காலமானார். ஊரெல்லாம் சிரித்த உடம்பு உருகிப்போனபோது சிரித்தவர்களில் மிகச் சிலரே அருகில் இருந்தனர்.

வடக்கே டுன் டுன் என்று ஒருவர் இருந்தார். அவருடைய இயற்பெயர் உமா தேவி. சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, பாடவேண்டும் என்ற ஒரே ஆசையோடு பம்பாய்க்கு வந்தவர். 1947-இல் வெளிவந்த 'தர்த்' என்ற படத்தில் நௌஷாத் இசையில் அவர் பாடிய பாட்டு நாடெங்கும் ஒலித்தது. பின்னர்ப் பாடும் வாய்ப்புகள் குறைந்தபோது, 1950-இல் 'பாபுல்' படத்தில் நடிக்க வந்தார். டுன் டுன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதன்பின் பல ஆண்டுகள் நடித்து 2003-இல் மறைந்தார். இன்று வடநாட்டில் பருமனான சிறுமியைக் கேலி செய்ய அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். ஒரு குரல் மறக்கப்பட்டது. ஓர் உடம்பு வசைச்சொல்லாக நிலைத்தது. இதைவிடப் பெரிய அநியாயம் ஒரு கலைஞருக்கு நேருமோ?

"அவர்களே விரும்பித்தானே நடிக்கிறார்கள்? அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறார்கள்?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். பாரதி சிங் என்ற பஞ்சாபிப் பெண், அமிர்தசரஸில் வறுமையில் வளர்ந்தவர், சிரிப்புப் போட்டி மேடையேறி, தம் உடம்பைத் தாமே கேலி செய்து நாடு போற்றும் நிலையை அடைந்தார். அவருடைய துணிவை நாங்கள் மெச்சுகிறோம். பிறர் சொல்லும் முன்னே தானே சொல்லிவிட்டால் வலி குறையும் என்பதும் எங்களுக்குத் தெரியும். வகுப்பில் நாங்களும் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் ஒரே ஒரு வாசல் மட்டும் திறந்திருக்கும் வீட்டில், "நீ விரும்பித்தானே இந்த வாசல் வழியாக வந்தாய்?" என்று கேட்பது முறையா? தன்னைத் தானே இகழ்ந்தால்தான் மேடை கிடைக்கும் என்றால், அது விருப்பமா, வாடகையா?

"பருத்த ஆண்களையும்தான் கேலி செய்கிறார்கள்" என்றும் கூறுவர். உண்மை. ஒல்லியான நரசிம்மன் என்ற நடிகருக்கு 'ஓமக்குச்சி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஆயினும் ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். 1957-இல் வந்த 'மாயாபஜார்' படத்தில் எஸ்.வி. ரங்காராவ் கடோத்கஜனாக வருகிறார். மலைபோன்ற உடம்பு. கல்யாண விருந்து முழுவதையும் அவர் ஒருவரே உண்டு தீர்ப்பதைக் கண்டு எங்கள் வீட்டுக் குழந்தைகள் இன்றும் குதூகலிக்கின்றன. அது இகழ்ச்சிச் சிரிப்பா? இல்லவே இல்லை. ஏனென்றால் அவர்தாம் கதையின் முடிச்சை அவிழ்க்கிறவர், மாயம் வல்லவர், தம்பிமுறை இளைஞனுக்கு நல்வாழ்வு அமைத்துத் தருகிறவர். அவருக்கு உடம்பும் இருக்கிறது, செயலும் இருக்கிறது. பருத்த ஆணுக்குத் தந்தை வேடம் உண்டு, நீதிபதி வேடம் உண்டு, ஜமீன்தார் வேடம் உண்டு. பருத்த பெண்ணுக்கு உடம்பு ஒன்றே வேடம். இதுவே நாங்கள் சொல்ல வரும் வேறுபாடு.

நம் பழைய மேடை இப்படி இருக்கவில்லை. பங்குனி, சித்திரைத் திருவிழாக்களில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நாடகம் நடக்கிறது. அது சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துத் தந்த வழியில் வருவது. பபூன் பேச்சில் முகம் சுளிக்க வைப்பவையும் உண்டு. அப்போது எங்கள் அப்பத்தாக்கள் எங்களைத் தூங்கச் சொல்லிவிடுவார்கள். ஆனால் வள்ளியாக வருபவர் நாற்பது வயது தாண்டிய, உடல் பருத்த அம்மாளாக இருந்தாலும் ஒருவரும் சிரிப்பதில்லை. தினைப்புனத்தில் நின்று முருகனோடு தர்க்கம் பேசி அவர் மடக்கும்போது, பாயில் படுத்திருந்தவர்களும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அங்கே எடைபோடப்படுவது குரலும் சொல்லும்.

இதே நாடக மேடையிலிருந்துதான் கே.பி. சுந்தராம்பாள் வந்தார். 1953-இல் 'ஔவையார்' படத்தில் அவருடைய கணீரென்ற குரலைக் கேட்டவர்கள், ஔவை இப்படித்தான் இருந்திருப்பார் என்று நம்பினார்கள். காரைக்குடிக்கு அருகே பள்ளத்தூரில் வளர்ந்து நாடகத்தில் பயின்ற மனோரமாவும் இந்த வழியில் வந்தவரே. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் அவர் ஜில் ஜில் ரமாமணி என்ற நாடகக்காரியாக நடித்தார். கலைத்தொழிலில் உள்ள ஒரு பெண்ணையே நகைச்சுவைப் பாத்திரமாக்கிய படம் அது. அவளுடைய பேச்சைக் கேட்டு நாம் வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். ஆயினும் அவளை இழிவாக எண்ண மனம் வருவதில்லை. அவளுடைய வெள்ளை மனத்தைக் கண்டு கண்ணும் கலங்குகிறது. தொல்காப்பியர் சொன்ன மற்ற மூன்று வழிகளிலும் சிரிக்க வைக்க முடியும் என்பதற்கு ஜில் ஜில் ரமாமணியே சாட்சி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்து 2015-இல் மறைந்த மனோரமாவை நாடே 'ஆச்சி' என்று அழைத்தது. கலைக்குக் கிடைத்த உறவுப் பெயர் அது.

"உடல் பருமன் நோய்களுக்குக் காரணமாகிறதே; கேலி செய்தாலாவது இளைக்கமாட்டார்களா?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். உடல் நலத்தைப் பற்றி அக்கறை வேண்டியதுதான். 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதத்தினர் அதிக எடை உடையவர்கள். அதே ஆய்வு, 53.4 சதவீதப் பெண்களுக்கு இரத்தசோகை இருப்பதாகவும் கூறுகிறது. இந்த இரு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உடம்பு பருத்திருப்பதால் ஒருத்தி வகைவகையாகத் தின்று சுகமாக இருக்கிறாள் என்று பொருளாகாது. தைராய்டு சுரப்பிக் குறைவினால் எடை கூடும். சினைப்பை நீர்க்கட்டித் தொல்லையோடு எடை கூடுவதுண்டு. பிள்ளைப்பேற்றுக்குப் பின் கூடும். சில மருந்துகளாலும் கூடும். காயும் பருப்பும் வாங்க வழியின்றிச் சோற்றாலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு, நாளெல்லாம் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்கும் கூடும். இவற்றில் எந்த ஒன்றுக்கு யானைப் பிளிறல் மருந்தாகும்? பத்துப் பெண்களில் நால்வர் என்றால், பெட்டியின் முன் அமர்ந்து சிரிக்கும் வீட்டில் அம்மாவோ அத்தையோ அக்காவோ அந்த நால்வரில் ஒருவராக இருப்பாரல்லவா? எல்லாரும் சிரிக்கும்போது அவர் என்ன செய்கிறார் என்று என்றாவது திரும்பிப் பார்த்திருக்கிறோமா? அவரும் சிரிக்கிறார். சிரிக்காவிட்டால் எல்லாரும் தம்மைப் பார்ப்பார்கள் என்று அஞ்சிச் சிரிக்கிறார்.

எங்கள் தோழி ஒருத்தி நன்றாகப் பாடுவாள். அவளிடம் கேட்டுவிட்டே இதை எழுதுகிறோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். வேறோர் ஊரில் நடந்த பாட்டுப் போட்டிக்கு அவள் சென்றிருந்தாள். மேடைப் படியில் அவள் கால் வைத்ததும், பின்வரிசையில் யாரோ யானைபோல் பிளிறினார்கள். தொலைக்காட்சியில் வரும் அதே ஒலி. அரங்கம் முழுவதும் சிரித்தது. அவள் பாடினாள், பிழையில்லாமல் பாடினாள். ஆனால் அன்றுமுதல் தனியாகப் பாட எந்த மேடையிலும் ஏறுவதில்லை. பாடற்குழுவின் கடைசி வரிசையில் நின்று மட்டும் பாடுகிறாள். "விட்டுத் தள்ளுடி, சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாக" என்று நாங்கள் தேற்றியபோது அவள் சொன்னாள்: "நான் தப்பாப் பாடி, அதுக்குச் சிரிச்சிருந்தா பரவால்லடி. வாயவே தொறக்கலையே, அதுக்குள்ள எதுக்குச் சிரிச்சாக?"

இந்தக் கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. தொலைக்காட்சிக்காரர்களிடம் இருக்கிறதா?

எங்கள் பாட்டிமார் பேச்சில் 'குண்டு' என்ற சொல்லைவிட 'தேறியிருக்கா' என்ற சொல்லே மிகுதி. கம்பும் கேப்பையும் விளைந்தால் உண்டு, கண்மாய் வறண்டால் பட்டினி என்று வாழ்ந்த வானம் பார்த்த பூமி இது. உடம்பில் சற்றுச் சதை கண்டால் "ஆத்தா, தேறிட்டா" என்று திருஷ்டி கழித்த மக்கள் நம் மக்கள். பூசினாற்போன்ற உடம்பு என்றால் அந்நாளில் அது பாராட்டு. பஞ்சத்தைக் கண்டவர்கள் உடம்பை இகழ மாட்டார்கள். ஊர்ப்பட்டப் பெயர்கள் அன்றும் இருந்தன என்பதை மறுக்கவில்லை. ஆனால் பெண்ணின் உடம்பே ஒரு நகைச்சுவைத் துணுக்கு என்ற பாடத்தை நமக்கு அன்றாடம் நடத்துவது அந்தப் பெட்டிதான்.

தேர் பெரிது, அதன் அச்சாணி சிறிது. ஆயினும் அச்சாணி இல்லாமல் தேர் ஓடாது. இதை எடுத்துக்காட்டி, தோற்றத்தை வைத்து ஒருவரைத் தாழ்வாக எண்ணலாகாது என்று வள்ளுவர் வினைத்திட்ப அதிகாரத்தில் அறிவுறுத்துகிறார். அவர் சொன்னது சிறிய உருவத்தைப் பற்றி. பெரிய உருவத்துக்கும் அது பொருந்தும் என்பதில் ஐயமில்லை.

ஆகவே நாங்கள் பணிவோடு சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறோம். நகைச்சுவை எழுதுவோரே, பருமனான நடிகைக்கும் ஒரு செயல் கொடுங்கள்; ஒரு சொல் கொடுங்கள்; அவர் செய்ததைக் கண்டு நாங்கள் சிரிக்கிறோம். பெற்றோர்களே, வீட்டில் சிரிப்பு நிகழ்ச்சி ஓடும்போது பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பெண் இப்போது என்ன செய்தாள் என்று சிரிக்கிறாய்?" விடை கிடைத்தால் அது நல்ல நகைச்சுவை, எல்லாரும் சேர்ந்து சிரிக்கலாம். விடை கிடைக்காவிட்டால் அலைவரிசையை மாற்றிவிடலாம். அருட்சகோதரியரே, ஆண்டுவிழா நாடகத்தில் பருமனான மாணவிக்கு அரக்கி வேடமும் மாமியார் வேடமும் மட்டும் உரியவை என்று எந்த ஏட்டிலும் எழுதியிருக்கவில்லை. எங்களில் யாருக்கு எந்த வேடம் என்று தேர்ந்தெடுக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு குரலைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். ஜான்சி ராணிக்கு இடுப்பளவு எவ்வளவு என்று வரலாற்றுப் புத்தகத்தில் இல்லை.

தோழியரே, நமக்கும் ஒரு கடமை உண்டு. மேடையேறும் பெண் வாய் திறக்கும்வரை நாம் அமைதியாக இருப்போம். அவள் நன்றாகப் பாடினால் கை தட்டுவோம். வேடிக்கையாகப் பேசினால் வயிறு வலிக்கச் சிரிப்போம். எடைக்கல் மளிகைக் கடைத் தராசிலேயே இருக்கட்டும்.